பதினேழின் இடப்பக்கம்

மார்ச் 3, திங்கள்

இன்று பதினேழுக்கு மூன்று வேலை. காலை ஏழு மணிக்கு ஏவுகணைகளைத் தூக்கிக்கொண்டு வான்காவல். பத்தரைக்குப் பயிற்சித் திடலில் குண்டு போடுவது. இரண்டு மணிக்குக் கேமராக் கூட்டை வயிற்றில் கட்டிக்கொண்டு கடலோரம் படம் எடுப்பது. ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்தான். கழற்று, மாட்டு, எரிபொருள் நிரப்பு, டயரைப் பார், கையெழுத்துப் போடு. மூன்று தடவையும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பக்கத்து ஹேங்கர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பதினேழு என்பது வால் எண், வயதல்ல. வயது முப்பத்து மூன்று. எங்கள் ஒயர்மேனைவிட நான்கு வயது மூப்பு. பதினாலு வருஷமாக அதற்கு நான்தான் பொறுப்பு, பராமரிப்புக் குழுவுக்குச் சீஃப். விமானிகள் விமானத்தை ‘அவள்’ என்று சொல்வார்கள். எனக்கு அது அதுதான். இத்தனை பேர் வயிற்றைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க எந்தப் பெண் சம்மதிப்பாள்?

மதியம் ஓட்டியவர் சுருக்கம். அதிகம் பேசமாட்டார் என்பதால் அந்தப் பெயர். முகத்துக்கு நேராக ‘சார்’தான். இறங்கியதும் லாக் புக்கில் எழுதினார்: “நீண்ட இடப்பக்கத் திருப்பத்தில் இடது வெளி டேங்க் விளக்கு எரிந்தது. நேராக்கியதும் அணைந்தது.” இடது இறக்கைக்கு அடியில் தொங்கும் டேங்கிலிருந்து எரிபொருள் உள்ளே வரவில்லை என்றால் அந்த விளக்கு எரியும். மின்சாரம் கொடுத்து அந்த டேங்கின் வால்வைப் பத்துத் தடவை திறந்து மூடினேன். கடிகாரம் மாதிரி வேலை செய்தது. கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: “தரையில் சோதித்தேன். குறை இல்லை.”

மார்ச் 6, வியாழன்

மாமியாருக்கு மறுபடி முட்டி வலி. டாக்டரிடம் போகலாம் என்றால், “அவன் முன்னாடி போனா வலிக்காதுடீ, அதான் பிரச்சினை” என்கிறார்.

மார்ச் 10, திங்கள்

அதே விளக்கு. அதே கேமரா வேலை, அதே இடப்பக்கத் திருப்பம், அதே சுருக்கம். நாற்பது நொடி எரிந்ததாம்.

மறுபடி எல்லாவற்றையும் பார்த்தேன். வால்வு, சுவிட்ச், ஃபியூஸ், விளக்கின் பல்பு உட்பட. ஒன்றும் இல்லை. ஒயர்மேன் தலையைச் சொறிந்துகொண்டே, “அக்கா, இறக்கை அடிப் பலகையைத் திறந்து உள்ள இருக்கற ஒயர் கட்டையும் பாத்துடலாமா?” என்றான்.

“அது வேண்டாம். உள்ள இருக்கறது நான் கட்டின கட்டு. ஒம்பது வருஷமா அசையல.”

அவன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். மேற்கொண்டு பேசியிருந்தாலும் நான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். மெழுகு நூலில் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவதில் இந்த ஹேங்கரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கையெழுத்தைப் போலவே முடிச்சும் ஆளுக்கு ஆள் மாறும். எந்த விமானத்தில் எந்தக் கட்டைக் காட்டினாலும் கட்டியவர் யார் என்று சொல்லிவிடுவேன். என்னுடையது கூடுதலாக ஒரு சுற்று சுற்றி, நுனியைச் சாய்வாக வெட்டியிருக்கும்.

“தரையில் சோதித்தேன். குறை இல்லை.” இரண்டாவது கையெழுத்து.

சுருக்கம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “சரி, சீஃப்” என்றார். அந்த ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தலைமையிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. 28ஆம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. எங்களிடம் இந்த வகை விமானம் ஆறு இருக்கிறது. நான்குக்குத்தான் ஆயுள் நீட்டிப்பு. மிச்சம் இரண்டைக் கழற்றி மற்ற நான்குக்கும் உதிரிபாகமாக வைத்துக்கொள்வார்கள். ஆறிலும் வயதானது பதினேழு.

இன்ஜினியர் (எங்கள் எல்லாருக்கும் மேலே இருப்பவர், மனிதர் நல்லவர், பயந்த சுபாவம்) என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பதினேழு மேல ரெண்டு தடவை ஒரே புகார் வந்திருக்கு. மூணாவது வந்தா ரூல் தெரியும்ல?” என்றார். தெரியும். ஒரே குறையை மூன்று தடவை எழுதிவிட்டால், காரணம் கண்டுபிடிக்கும்வரை விமானம் பறக்கக் கூடாது. ஆய்வு நாளில் தரையில் நிற்கிற கிழட்டு விமானத்துக்கு யார் ஆயுள் கொடுப்பார்கள்?

“வராது சார்” என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டது.

இன்று நான்கு நிமிடம் எரிந்ததாம். சுருக்கம் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். லாக் புக்கைத் திறந்து பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார். சுற்றிலும் யாரும் இல்லை.

“எழுதட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க சீஃப்.”

அவருக்கும் இந்த விமானம் போவதில் விருப்பமில்லை. ஆறில் இதுதான் கைக்கு அடங்குகிறது என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவர் அளவுக்கு அது பெரிய பிரசங்கம்.

“திங்கக்கிழமை எழுதிக்கலாம் சார். நான் ஒரு தடவை பாத்துடறேன்.”

தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடினார். நானும் கைகழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, “என்ன, யாரோட சண்டை?” என்று கேட்டார். கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை, விடை வராமல் விடமாட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

என்ன ஒன்றுமில்லை? பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு விமானியிடம் எழுதாதே என்று சொன்னதில்லை. இன்னிக்கு சொல்லிட்டேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து சோத்துல கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

மார்ச் 15, சனி

காலை எட்டரைக்குப் பதினேழு கிளம்ப வேண்டும். ஓட்டப்போவது சுருக்கம் இல்லை, போன மாதம் மாற்றலாகி வந்தவர். அவர் லாக் புக்கைப் பார்ப்பார். அதில் என் இரண்டு ‘குறை இல்லை’ இருக்கும். நம்பி ஏறி உட்காருவார். கடலுக்கு மேல் இடப்பக்கம் திரும்பும்போது இடது டேங்க் நின்றுபோனால், ஒரு பக்கம் கனத்து, உள்ளே எரிபொருள் குறைந்து, திரும்பி வர வழி இல்லாமல் போகலாம். எழுதாமல் விட்ட வரி அவருக்கு எப்படித் தெரியும்?

ஏழு மணிக்கே விமானிகள் அறைக்குப் போய்விட்டேன். சுருக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். லாக் புக்கை அவர் முன்னால் வைத்தேன்.

“எழுதுங்க சார். நேத்து நான் சொன்னது தப்பு.”

“நல்லா யோசிச்சீங்களா?”

“யோசிச்சா எழுத விடமாட்டேன். எழுதுங்க.”

எழுதினார். நான் நேராகப் போய்ப் பதினேழின் மூக்கில் சிவப்புப் பலகையை மாட்டினேன். பறக்கக் கூடாது. 

மார்ச் 17, திங்கள்

இன்ஜினியர் குதித்தார். “உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே! இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு.”

“பதினோரு நாள் போதும் சார்.”

“எதை வெச்சு அவ்வளவு தைரியமா சொல்றீங்க?”

“குறை இருக்குன்னு இப்ப நம்பறேன். அதனால கிடைக்கும்.”

சொல்லிவிட்டேனே தவிர, நாள் பூராவும் தேடியும் கிடைக்கவில்லை. வால்வையே மாற்றினோம். பழைய வால்வைப் பிரித்தால் உள்ளே பளபளவென்று இருக்கிறது. தரையில் நிற்கும்போது பதினேழைப் போல உத்தமம் எதுவும் கிடையாது.

மார்ச் 18, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. மாமியாரை வலுக்கட்டாயமாக டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் முட்டியை அமுக்கினார், மடக்கினார், நீட்டினார். “வலிக்குதா?” “இல்லை.” “இங்க?” “இல்லை.” ஒன்றுமில்லை, வயசுதான் காரணம் என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டார். “படுக்க வெச்சுப் பாத்தா என்ன தெரியும்? நான் மாடிப்படி ஏறும்போது வந்து பாக்கச் சொல்லு அவனை! என் கனம் முட்டி மேல இறங்கும்போதுதானே வலிக்குது! பெருசா படிச்சிருக்கானாம்.”

ஆட்டோவில் ஏறப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பதினேழை நான் படுக்க வைத்தல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறேன்! தரையில் நிற்கும்போது டேங்கின் கனத்தில் இறக்கை கீழ்நோக்கித் தொங்கும். பறக்கும்போது காற்று அதை மேல்நோக்கி வளைக்கும், திருப்பத்தில் இன்னும் அதிகமாக. எத்தனை சோதனை செய்தாலும் அந்த வளைவு தரையில் வராது.

“என்னடீ, பேயடிச்ச மாதிரி நிக்கற?” என்றார்.

“அத்தே, உங்களுக்கு நாளைக்கு வேற டாக்டர் பாக்கறேன். மாடிப்படி இருக்கற டாக்டரா பாக்கறேன்.”

மார்ச் 19, புதன்

இன்ஜினியரிடம் அனுமதி கேட்டேன். இடது இறக்கைக்கு அடியில் மெத்தை போட்ட தாங்கிகளை வைத்து, ஜாக்கியால் சிறிது சிறிதாக மேலே தூக்கி, அதே நேரத்தில் வால்வுக்குப் போகும் ஒயரில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். “இறக்கை உடைஞ்சா?” என்றார். “வானத்துல இதைப் போல மூணு மடங்கு வளையுது சார், அங்க உடையல” என்றேன். ஒரு மணி நேரம் யோசித்துக் கையெழுத்துப் போட்டார். பயந்த மனிதர் போடும் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

மார்ச் 20, வியாழன்

ஒரு விரல் உயரம். மீட்டரில் முள் அசையவில்லை.

இரண்டு விரல். அசையவில்லை.

நான்கு விரல். அப்போதும் அசையவில்லை. ஜாக்கியில் இருந்தவன் கைப்பிடியை இன்னும் ஒரு சுற்று சுற்றினான். முள் துள்ளி விழுந்தது. பூஜ்யம்.

“இறக்கு!” இறக்கினான். முள் எழுந்து நின்றது. “தூக்கு!” விழுந்தது. ஐந்து தடவை. எனக்கு ஆட வேண்டும் போல இருந்தது. கண்டுபிடித்தாயிற்று! ஒயர் எங்கேயோ இழுபட்டு உள்ளே அறுந்திருக்கிறது. வளையும்போது விலகுகிறது, நேரானால் ஒட்டிக்கொள்கிறது.

இறக்கை அடிப் பலகையைக் கழற்றச் சொன்னேன். கழற்றும்போதே எனக்கு வாய் நீண்டுவிட்டது. போன பெரிய சோதனையில் வெளியாட்கள் வந்து பார்த்தார்கள், அவர்களில் எவனோ அவிழ்த்துக் கட்டியிருப்பான், ஒயர் கட்டும்போது தளர்வு விடவேண்டும் என்கிற அறிவுகூட இல்லாதவன், கிடைத்தால் கையை ஒடிப்பேன் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். ஒயர்மேன் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

“யாருடா கட்டினது?”

அவன் டார்ச்சை என் கையில் கொடுத்தான். “நீங்களே பாருங்கக்கா.”

கூடுதலாக ஒரு சுற்று. நுனி சாய்வு.

ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த இடத்தில் இருந்த பிடிப்பு வளையம் உடைந்தது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. நான்தான் மெழுகு நூலால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். அழகாக இருக்க வேண்டும் என்று இறுக்கிக் கட்டியிருக்கிறேன். ஒரு விரல் நுழையும் தளர்வு விடு, ஒரு விரல் நுழையும் தளர்வு விடு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், அங்கே ஒரு நகம் நுழைய இடம் விடவில்லை. இந்த வருஷம் கேமரா வேலை கூடிவிட்டது. கேமராக் கூடு இடப்பக்கம்தான் பார்க்கும், அதனால் விமானம் இடப்பக்கமே சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் என் கட்டு ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது.

அன்னிக்கே அவன் திறக்கலாம்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். என் கட்டுன்னு சொல்லி வேண்டாம்னேன். ஐயோ, அந்தப் புதுசா வந்த விமானி அதுல ஏற இருந்தாரே.

ஹேங்கரில் எல்லாரும் கருவிகளை அடுக்குவதில் திடீரென்று மும்முரமாகிவிட்டார்கள். நான் ஒயர்மேனைப் பார்த்து, “மன்னிச்சுக்கடா” என்றேன். “ஐயோ அக்கா” என்றான். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

அறிக்கை எழுதினேன். ‘ஒயர் அறுந்தது, மாற்றப்பட்டது’ என்று இரண்டு வரியில் முடிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று இன்ஜினியர் ஜாடையாகச் சொன்னார். நான் முழுசாக எழுதினேன். யார் கட்டியது, எப்போது, எப்படித் தவறு, இரண்டு தடவை குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டது யார், மூன்றாவது தடவை எழுதவேண்டாம் என்று தடுத்தது யார். கடைசியில் ஒரு பட்டியல்: அதே வளையம் உடைந்து நான் கட்டிய இன்னும் மூன்று விமானங்களின் எண்கள்.

மூக்கு உடைந்தது என்னவோ உண்மை. ஆனால் எழுதி முடித்ததும் பசித்தது. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

மூன்று விமானங்களையும் திறந்து பார்த்தோம். இரண்டில் ஒன்றுமில்லை. ஆனால் இருபத்திரண்டில் – ஆறிலும் வயது குறைந்தது, எல்லாருக்கும் செல்லப்பிள்ளை, பயிற்சியில் அதிகம் வெட்டித் திருப்பப்படுவதும் அதுதான் – ஒயரின் ஏழு இழையில் ஐந்து அறுந்து இரண்டில் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஒரு விளக்கும் எரிந்ததில்லை. ஒரு புகாரும் வந்ததில்லை.

இன்ஜினியர் அந்த ஒயரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “எழுதினது நல்லதாப் போச்சு” என்றார். நான்கையும் ஒயர்மேனைக் கட்டச் சொன்னேன். ஒவ்வொரு கட்டிலும் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.

மார்ச் 28, வெள்ளி

ஆய்வுக் குழுவில் மூன்று பேர். தலைவி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு என் அறிக்கையை என் முன்னாலேயே படித்தார்.

“இந்த விமானத்துக்கு ஏன் இன்னும் ஆயுள் கொடுக்கணும்னு நினைக்கறீங்க?”

“மேடம், ஒரே நாள்ல மூணு வேலை செய்யுது. ஆறுலயும் இதைத்தான் அதிகமா திறந்து பாத்திருக்கோம். இதுல எங்க என்ன இருக்குன்னு தெரியும். மத்ததுல தெரியும்னு நினைச்சுக்கிட்டிருக்கோம்.”

“உங்க கட்டுகூட தெரியும்னுதானே நினைச்சீங்க?”

“ஆமா மேடம். அதனாலதான் இப்ப தெரியும்னு சொல்றேன்.”

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். முடிவு பத்து நாளில் வருமாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்றைய புயலில் ஒரு பயணப் படகு காணாமல் போய்விட்டது. பதினோரு பேர். ஹெலிகாப்டர்கள் தேடிக் களைத்துவிட்டன, கடல் பெரிது. கேமராக் கூட்டுக்கு இணைப்பு இருப்பது பதினேழிலும் பத்தொன்பதிலும் மட்டும்தான். பத்தொன்பது என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிறது. காலை எட்டு மணிக்கு இன்ஜினியர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “போகுமா?”

“போகும் சார்.”

சுருக்கம் ஏறும்போது இடது இறக்கையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு அதன் அர்த்தம் தெரிய நியாயமில்லை. இருந்தாலும் தலையாட்டினார்.

பத்தே காலுக்குப் படகு கிடைத்துவிட்டதாக ரேடியோ அறையிலிருந்து செய்தி வந்தது. கவிழ்ந்து கிடக்கிறது, மேலே ஆட்கள் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஹெலிகாப்டர் வந்து சேரும்வரை கண்ணை எடுக்காமல் மேலேயே சுற்ற வேண்டும். இடப்பக்கமாக. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடுதளத்தைப் பார்த்தபடி நின்றேன். பயந்தேனா? இல்லை என்று எழுதத்தான் ஆசை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பயந்தேன், மிச்ச நேரம் நம்பினேன்.

பதினொன்றே முக்காலுக்குத் தரை தொட்டது. சுருக்கம் இறங்கி வந்து லாக் புக்கை வாங்கினார்.

“இடப்பக்கமாக ஐம்பத்திரண்டு நிமிடம். விளக்கு எரியவில்லை.”

“எத்தனை பேர் சார்?”

“பதினோரு பேரும்.”

ஒயர்மேன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும்தான். எழுதுவதில் என்ன வெட்கம்.

ஏப்ரல் 9, புதன்

முடிவு வந்துவிட்டது. பதினேழுக்கு இன்னும் அறுநூறு மணி நேரம் பறக்க ஆயுள். எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, என் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். இரண்டும் ஒரே உறையில் வந்தன. இரண்டும் நியாயம்.

அந்தப் பழைய கட்டை ஒயர்மேன் கருவிப் பலகையில் தொங்கவிட்டிருக்கிறான். கீழே சீட்டு: “கட்டியவர்: சீஃப். கண்டுபிடித்தவர்: சீஃப்.” கழற்றச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு, நன்றாகத் தெரியும்படி கண்மட்டத்துக்கு மாற்றச் சொன்னேன்.

மாமியாரை வேறு டாக்டரிடம் காட்டினோம். பெண் டாக்டர். படிக்கட்டில் ஏறச் சொல்லிப் பார்த்தார். முட்டிக்குள் ஒரு சவ்வு கிழிந்திருக்கிறதாம். “சொன்னேன்ல!” என்று மாமியார் வலியோடு பண்ணிய ஆர்ப்பாட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

ஏப்ரல் 16, புதன்

மதியம் சுருக்கம் புதிதாக ஒன்று எழுதினார். “அதிக உயரத்தில் இருக்கைக்குப் பின்னால் லேசான தட்டும் சத்தம். கீழே இறங்கியதும் இல்லை.” எழுதிவிட்டு, “சின்ன விஷயம்தான் சீஃப்” என்றார்.

இருக்கையைக் கழற்றினோம், பின்னால் இருந்த எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒயர்மேன் பேனாவை நீட்டினான்.

அவர் எழுதியதற்குக் கீழே எழுதினேன்: “தரையில் கேட்கவில்லை. தேடுகிறேன்.”